சம்பள பாக்கி வெச்ச பாஸ்... ஆனாலும் திரும்பி வந்த டீம்!

உங்களுக்கு ஒரு மேனேஜர் இருந்தார்னு வெச்சுக்கோங்க. அவர் எடுத்த புராஜெக்ட் ஆரம்பத்திலேயே ஊத்திக்கிச்சு. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் உங்களால வீட்டுக்கே போக முடியலை. பேசின சம்பளமும் முழுசா கைக்கு வரலை. அஞ்சு வருஷம் கழிச்சு அதே மனுஷன் கூப்பிட்டு, புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறேன், வர்றீங்களான்னு கேட்கிறார். எதுக்காகப் போறோம்கிறதே அவருக்கு இன்னும் தெளிவா இல்லை.

போவீங்களா? நம்பரை பிளாக் பண்ணியிருப்போம், இல்லையா?

1921-ல் லண்டனில் இப்படி ஓர் அழைப்பு வந்தது. பழைய டீமிலிருந்து எட்டுப் பேர் கிளம்பிப் போனாங்க. அதில் ரெண்டு பேர் ஆப்பிரிக்காவில் நிலம் வாங்கி விவசாயம் பண்ணிக்கிட்டிருந்தவங்க. எல்லாத்தையும் விட்டுட்டு வந்து கப்பல் ஏறினாங்க.

கூப்பிட்டவர் பெயர் எர்னெஸ்ட் ஷாக்கிள்டன். டீமில் இருந்த எல்லோரும் அவரை 'பாஸ்'னுதான் கூப்பிடுவாங்க. அன்டார்க்டிகாவுக்குப் போய், நினைச்ச எதையுமே சாதிக்காமல் திரும்பிய மனிதர். தென் துருவத்தைத் தொட ரெண்டு முறை முயன்றார், முடியலை. கண்டத்தைக் குறுக்கே கடக்கப் போனார், கரையில் காலே வைக்கலை. ஆனா இன்னிக்கும் பிசினஸ் ஸ்கூல்களில் தலைமைப் பண்பு வகுப்பு என்றால் இவர் பெயர் வந்துடும். ஏன்னு பார்க்கணும்னா, கொஞ்சம் பின்னாடி போகணும்.

டாக்டர் வீட்டுப் பையன்

1874 பிப்ரவரி 15 அன்று அயர்லாந்தின் கில்டேர் பகுதியில், கில்கே என்ற ஊரில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் இரண்டாவது. அப்பா விவசாயத்தை விட்டுட்டு, குடும்பஸ்தரான பிறகு மருத்துவம் படிச்சு டாக்டராகி, லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர். பையனும் டாக்டராகணும்னு அப்பாவுக்கு ஆசை. பையனுக்கோ பள்ளிக்கூடத்தில் மனசு ஒட்டலை. 16 வயசில் ஒரு பாய்மரச் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்துட்டார்.

இந்தச் சரக்குக் கப்பல் அனுபவத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி உதவும்.

1901-ல் ராபர்ட் ஸ்காட் தலைமையில் 'டிஸ்கவரி' கப்பல் அன்டார்க்டிகா கிளம்பியது. ஷாக்கிள்டன் அதில் இளம் அதிகாரி. ஸ்காட் கடற்படைக்காரர். அதிகாரிகளுக்குத் தனி அறை, சாதாரண மாலுமிகளுக்குத் தனி இடம் என்ற கடற்படை ஒழுங்கு அந்தக் கப்பலில் அப்படியே இருந்தது. ஸ்காட், வில்சன், ஷாக்கிள்டன் மூணு பேரும் துருவத்தை நோக்கி நடந்து, 1902 டிசம்பர் கடைசியில் அதுவரை யாரும் போகாத தெற்கு வரை போனாங்க. மூணு பேருக்குமே ஸ்கர்வி நோய். ஷாக்கிள்டன் ரத்தம் ரத்தமா இருமினார். மறு வருஷம் உடம்பு சரியில்லைன்னு ஸ்காட் அவரை வீட்டுக்கு அனுப்பிட்டார்.

அது அவரை எவ்வளவு காயப்படுத்தியிருக்கும்னு ஊகிக்கலாம். டீமிலிருந்து பலவீனமானவர்னு கழிச்சுவிடப்பட்ட ஆள், பின்னாடி தான் தலைவரானதும் பலவீனமானவங்களை எப்படி நடத்தினார் என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

ஒரு பிஸ்கட்டின் விலை

ஊருக்கு வந்தார். கல்யாணம் பண்ணினார். தேர்தலில் நின்று தோத்தார். நிறைய பிசினஸ் யோசனைகள், ஒண்ணும் உருப்படலை. பண விஷயத்தில் ஷாக்கிள்டன் கடைசி வரைக்கும் கொஞ்சம் ஓட்டைக் கைதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

1907-ல் 'நிம்ரோட்' கப்பலில் தன் சொந்தப் பயணத்தைத் தொடங்கினார். இந்த முறை அவர்தான் பாஸ். 1909 ஜனவரி 9 அன்று, கூட வந்த மூணு பேரோடு தென் துருவத்துக்கு சுமார் 180 கிலோமீட்டர் தூரத்தில் நின்றார். இன்னும் கொஞ்சம் தம் பிடிச்சால் துருவத்தைத் தொட்டுடலாம். ஆனா கையிருப்பில் இருந்த சாப்பாட்டுக்கு, திரும்பி உயிரோடு வர முடியாது. திரும்பிட்டார்.

உங்க டார்கெட் கண்ணுக்கு எதிரே இருக்கு. உலகத்திலேயே முதல் ஆளா இருக்கலாம். திரும்பினால் வேற யாராவது அந்தப் பெயரைத் தட்டிக்கிட்டுப் போயிடுவாங்க (ஆமுண்ட்சென் 1911-ல் தட்டிக்கிட்டுப் போனார்). அந்த இடத்தில் நின்று, வேண்டாம், ஆளுங்க முக்கியம்னு முடிவெடுக்கிறது லேசான விஷயமில்லை.

திரும்பும் வழியில் நாலு பேருக்கும் பசி உயிர் போச்சு. ஒரு நாள், ஃபிராங்க் வைல்ட் என்பவர் வயிற்றுப்போக்கில் துவண்டுபோய் இருந்தார். ஷாக்கிள்டன் தன் பங்குக்கு வந்த ஒரே ஒரு பிஸ்கட்டை அவர் கையில் திணிச்சார். வாங்க மறுத்தால் பனியில் புதைச்சுடுவேன்னு மிரட்டினார். வைல்ட் அதை டைரியில் எழுதி வெச்சார். அப்புறம் ஷாக்கிள்டன் போன எல்லாப் பயணத்திலும் வைல்ட் கூடவே போனார்.

கரையை நெருங்கும்போது ஒருத்தர் விழுந்துட்டார். அவரோடு இன்னொருத்தரை விட்டுட்டு, ஷாக்கிள்டனும் வைல்டும் ஓடிப்போய்க் கப்பலைப் பிடிச்சாங்க. கப்பலில் ஏறி சாப்பிட்டுத் தூங்க வேண்டிய மனுஷன், தானே மீட்புக் குழுவைக் கூட்டிக்கிட்டு அந்த ரெண்டு பேரைக் கொண்டுவரத் திரும்பி நடந்தார்.

பாடத் தெரியுமா?

அடுத்த கனவு, அன்டார்க்டிகாவை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் குறுக்கே நடந்து கடப்பது. இதுக்கு ரெண்டு கப்பல். 'எண்டூரன்ஸ்' வெட்டல் கடல் பக்கம் ஷாக்கிள்டனை இறக்கிவிடும். 'அரோரா' கண்டத்தின் எதிர்ப்பக்கம், ராஸ் கடலுக்குப் போகும். அங்கே இறங்கும் குழு, ஷாக்கிள்டன் கடந்து வரும் வழியில் சாப்பாட்டு மூட்டைகளைப் புதைச்சு வைக்கும்.

ஆபத்தான பயணம், குறைந்த சம்பளம்னு அவர் பேப்பரில் கொடுத்ததா ஒரு விளம்பரம் வாட்ஸ்அப்பிலும் லிங்க்டுஇன்னிலும் சுத்திக்கிட்டே இருக்கும். பார்த்திருப்பீங்க. அந்த விளம்பரம் வந்த பேப்பரைப் பல பேர் தேடிப் பார்த்துட்டாங்க, யாருக்கும் கிடைக்கலை. அடுத்த முறை யாராவது ஃபார்வேர்டு பண்ணினால் நீங்க சொல்லலாம்.

ஆனா விண்ணப்பம் போட்டவங்க சுமார் 5,000 பேர் என்பாங்க. இன்டர்வியூ சில நிமிஷத்தில் முடிஞ்சுடும். ரெஜினால்டு ஜேம்ஸ் என்ற இயற்பியல்காரரிடம் அவர் கேட்டதெல்லாம், பல் நல்லா இருக்கா, கோபம் வருமா, பாடத் தெரியுமா என்பதுதான். இயற்பியல் பற்றி ஒண்ணும் பெரிசா கேட்கலை. கிறுக்குத்தனம் மாதிரி தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்க. படிப்பு சர்டிஃபிகேட்டில் இருக்கு. வெளியே போக வழியில்லாத ஒரு கப்பலில், மாசக்கணக்கில் அதே முகங்களோடு இருக்கப் போற ஆள், பத்துப் பேரோடு சேர்ந்து தொண்டை கிழியப் பாடுவாரா, மூலையில் உட்கார்ந்து முறைப்பாரா? அவருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

1914 ஆகஸ்ட்டில், முதல் உலகப் போர் தொடங்கிய அதே வாரத்தில் கப்பல் கிளம்பியது. வழியில் பியூனஸ் அயர்ஸில், ஒழுங்கா நடந்துக்காத சிலரை இறக்கி விட்டார். அங்கேயே பெர்ஸ் பிளாக்பரோ என்ற பையன், வேலை கிடைக்காததால் திருட்டுத்தனமா ஏறி ஒளிஞ்சிக்கிட்டான். கண்டுபிடிச்சதும் ஷாக்கிள்டன் எல்லோர் முன்னாடியும் கத்தித் தீர்த்தார். சாப்பாடு தீர்ந்தால் முதலில் சாப்பிடப்படறது ஒளிஞ்சு வந்தவன்தான்னு பயமுறுத்தினார். அப்புறம் சமையல்காரருக்கு உதவியா வேலை கொடுத்துட்டார். மொத்தம் 28 பேர்.

எல்லோரும் தரையைத் துடைக்கணும்

1915 ஜனவரி. இறங்க வேண்டிய கரைக்கு ஒரு நாள் பயணத் தூரம்தான் பாக்கி. கடல் உறைஞ்சு கப்பலைப் பிடிச்சுக்கிச்சு. பனிப்பாறைகளோடு சேர்ந்து கப்பலும் நகர ஆரம்பிச்சது, கரையை விட்டு விலகி. புராஜெக்ட் அத்தோடு முடிஞ்சது. யாருக்கும் செய்ய வேலை இல்லை. மாசக்கணக்கில் இருட்டு.

வேலை அதிகமா இருக்கிற ஆபீஸை விட, வேலையே இல்லாத ஆபீஸில்தான் சண்டை அதிகம் வரும். ஷாக்கிள்டனுக்கு அது தெரிஞ்சிருந்தது. சரக்குக் கப்பலில் கத்துக்கிட்ட பாடம் இங்கே வேலைக்கு வந்தது. விஞ்ஞானி, அதிகாரி, மாலுமி எல்லோரும் முறை வெச்சுத் தரையைத் துடைக்கணும், ராத்திரி காவல் இருக்கணும். சாப்பாட்டு நேரம் மாறக்கூடாது. ராணுவத்திலிருந்து வந்திருந்த ஆர்ட்-லீஸ் என்பவருக்கு மண்டி போட்டுத் துடைப்பது அவமானமா இருந்தது. அதுக்காக அவருக்கு மட்டும் விலக்கு கொடுக்கலை.

நாய்களைப் பிரிச்சு ஆளுக்கு ஒரு கூட்டமா கொடுத்தார். நாய் வண்டிப் பந்தயம் நடந்தது, பெட் கட்டினாங்க. பனி மேல் ஃபுட்பால். குளிர்கால நடுநாளில் மேடை போட்டு நாடகம், பாட்டு. வானிலை ஆய்வாளர் ஹஸ்ஸி பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வாசிப்பார். இதை ஹெச்.ஆர். நடத்துற ஃபன் ஃப்ரைடே மாதிரி நினைச்சுக்காதீங்க. அங்கே பாஸும் கோமாளித் தொப்பி போடுவார், கேலிக்கும் ஆளாவார்.

அக்டோபர் 27. பனி இறுக்கி இறுக்கிக் கப்பலை உடைச்சது. எல்லோரும் பனி மேல் கூடாரம் போட்டாங்க. அந்த முதல் ராத்திரி ஷாக்கிள்டன் சரியா தூங்கலை. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, வைல்டும் போட்டோகிராபர் ஹர்லியும் உதவ, சூடா பால் காய்ச்சி கூடாரம் கூடாரமா கொண்டுபோய்க் கொடுத்தாங்க. சிலர் ஏதோ ஹோட்டல் சர்வீஸ் மாதிரி, ஒரு தேங்க்ஸ் கூடச் சொல்லாமல் வாங்கிக்கிட்டாங்க. கடுப்பான வைல்ட், ஷூவுக்கும் பாலிஷ் போட்டுத் தரட்டுமான்னு கேட்டாராம்.

அப்புறம் உத்தரவு வந்தது. ஆளுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான சொந்தப் பொருள்தான் எடுத்துக்கணும். சொல்லிட்டு, முதல் ஆளா தன் தங்க சிகரெட் பெட்டியையும் தங்கக் காசுகளையும் பனியில் போட்டார். ராணி கொடுத்த பைபிளிலிருந்து சில தாள்களை மட்டும் கிழிச்சு வெச்சுக்கிட்டு மீதியை விட்டார். ஆனா ஹஸ்ஸியின் பாஞ்சோ? அஞ்சு கிலோவுக்கும் மேல் எடை. அதை எடுத்துக்கிட்டே ஆகணும்னு பிடிவாதமா சொன்னார். மனசுக்கு மருந்து அதுதான் என்பது அவர் கணக்கு.

தூங்கும் பைகளில் 18 மட்டும் கதகதப்பான ரோமத்தில் செஞ்சவை, மீதி கம்பளி. சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. அதிகாரிகள் பெரும்பாலும் கம்பளிப் பையோடு போக, சாதாரண மாலுமிகளுக்கு ரோமப் பை வந்தது. அதில் ஏதோ கைவரிசை இருக்குன்னு மாலுமிகளுக்கே புரிஞ்சது. பாஸுக்கும் கம்பளிதான்.

யார் எந்தக் கூடாரத்தில் என்பதையும் அவரே முடிவு பண்ணினார். ஹர்லிக்குத் தன்னைப் பெரிய ஆளா நடத்தணும். ஓரங்கட்டினால் ஒரு கோஷ்டி சேர்த்துடுவார். இயற்பியல்காரர் ஜேம்ஸ் கூச்ச சுபாவம், மத்தவங்க கேலி பண்ணுவாங்க. இப்படி, எங்கே போட்டாலும் பிரச்னை வரக்கூடியவங்களையெல்லாம் தன் கூடாரத்தில் சேர்த்துக்கிட்டார். நமக்கு வசதியானவங்களைப் பக்கத்தில் வெச்சுக்கிறதுதான் எல்லோரும் செய்றது. அவர் தன் சீட்டிங்கை நேர்மாறா போட்டார்.

தச்சரும் பூனையும்

ஆனா இவரை மகானாக்கிட வேண்டாம். ஹாரி மெக்நிஷ் என்ற தச்சர் இருந்தார். டீமிலேயே வயசில் பெரியவர்களில் ஒருத்தர், வேலையில் கெட்டிக்காரர், வாயும் கொஞ்சம் நீளம். மிசஸ் சிப்பின்னு ஒரு பூனை வளர்த்தார் (அது ஆண் பூனை என்பது பிறகுதான் தெரிஞ்சது). கப்பல் உடைஞ்சதும், சாப்பாடு போதாதுன்னு பூனையையும் சில நாய்க்குட்டிகளையும் சுடச் சொல்லிட்டார் ஷாக்கிள்டன். மெக்நிஷ் அதை மன்னிக்கவே இல்லை.

டிசம்பர் கடைசியில், படகுகளைப் பனி மேல் இழுத்துக்கிட்டுப் போகும்போது மெக்நிஷ் நின்னுட்டார். இனி இழுக்க மாட்டேன், கப்பலே மூழ்கின பிறகு கப்பல் ஒப்பந்தம் ஏது, உத்தரவு போட உமக்கு ஏது அதிகாரம்னு கேட்டார். அன்னிக்கு அது சின்ன விஷயமில்லை. ஒருத்தர் பின்னாடி பத்துப் பேர் போனால் கதை முடிஞ்சது. ஷாக்கிள்டன் எல்லோரையும் கூட்டி ஒப்பந்தத்தைப் படிச்சுக் காட்டினார். கரை சேரும் வரை சம்பளக் கணக்கு ஓடும், உத்தரவும் செல்லும்னு முடிச்சார். மெக்நிஷ் அடங்கினார். வேடிக்கை என்னன்னா, அந்த இழுவை வீண் வேலைன்னு மெக்நிஷ் சொன்னது சரிதான். கொஞ்ச நாளில் ஷாக்கிள்டனே அதை நிறுத்திட்டார்.

இன்னொண்ணும் சொல்லணும். நிறைய சீல்களை வேட்டையாடிச் சேர்த்து வெச்சுக்கலாம்னு ஆர்ட்-லீஸ் சொன்னார். ரொம்ப நாள் இங்கேயே கிடக்கப் போறோம்னு டீம் நினைச்சுடும், மனசு விட்டுடுவாங்கன்னு ஷாக்கிள்டன் வேண்டாம்னுட்டார். பிறகு சாப்பாடு தட்டுப்பட்டது. கடைசி நாய்களையும் சுட்டுச் சாப்பிட்டாங்க. டீமின் நம்பிக்கையைக் காப்பாத்துற ஆசையில் டீமின் வயிற்றில் கை வெச்ச நேரம் அது.

எல்லோருக்கும் சூடா ஒரு கப்

1916 ஏப்ரலில் பனி உடைஞ்சது. மூணு சின்னப் படகுகளில் ஏறி, தூக்கமில்லாமல், நனைஞ்சு, உறைஞ்சு, எலிஃபன்ட் தீவில் கரையேறினாங்க. 497 நாள் கழிச்சு காலுக்குக் கீழே தரை. வழியில் ஹர்லியின் கையுறை தொலைஞ்சதும், ஷாக்கிள்டன் தன் கையுறையைக் கழட்டிக் கொடுத்துட்டார். அவர் விரல் உறைஞ்சு புண்ணாச்சு.

அந்தத் தீவுக்கு யாரும் வர மாட்டாங்க. யாராவது போய் உதவி கொண்டு வரணும். 1,300 கிலோமீட்டருக்கும் மேல் தூரத்தில் இருந்த சவுத் ஜார்ஜியா தீவுக்கு, ஏழு மீட்டர் நீளப் படகில், உலகத்திலேயே மோசமான கடலில். ஆறு பேர். யாரைக் கூட்டிக்கிட்டுப் போனார் தெரியுமா? அதே மெக்நிஷ். இன்னொரு முரட்டு மாலுமி வின்சென்ட். மெக்நிஷின் கைத்தொழில் வேணும் என்பது ஒரு காரணம். இந்த ரெண்டு பேரையும் தீவில் விட்டால் அங்கே இருக்கிறவங்க நிம்மதி போயிடும் என்பது இன்னொண்ணு. மெக்நிஷ் மரப்பெட்டிப் பலகை, வண்டிச் சட்டம், கேன்வாஸ் எல்லாம் வெச்சுப் படகுக்கு மேல்தளம் அடிச்சார். இடுக்குகளை விளக்குத் திரி, ஓவியக்காரரின் வண்ணக் குழம்பு, சீல் ரத்தம் போட்டு அடைச்சார். அது இல்லைன்னா படகு முதல் வாரமே மூழ்கியிருக்கும்.

இந்தப் படகுப் பயணத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைக் கேப்டன் வொர்ஸ்லி பதிவு பண்ணியிருக்கார். யாராவது ஒருத்தர் ரொம்ப நடுங்கிறதைப் பார்த்தால், ஷாக்கிள்டன் உடனே எல்லோருக்கும் சூடா பால் போடச் சொல்வாராம். அந்த ஒருத்தருக்கு மட்டும் கொடுத்தால், தான் மோசமா இருக்கிறோம்னு அவருக்கு பயம் வந்துடும். மத்தவங்க முன்னாடி கூச்சமாவும் இருக்கும். அதனால் எல்லோருக்கும். யாருக்காகக் கொடுத்தார்னு குடிச்சவருக்கே தெரியாது.

டீமில் யாரோ ஒருத்தர் தளர்ந்துபோனதும் மீட்டிங்கில் பெயர் சொல்லி, என்னப்பா டல்லா இருக்கேன்னு கேட்கிற தலைவர்களை நாம பார்த்திருக்கோம். இந்த சூடான பால் அதுக்கு நேர் எதிர். 1903-ல் நோயாளின்னு வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்த இளைஞனுக்கு, பலவீனம் ஊரறியத் தெரிவது எப்படி வலிக்கும்னு தெரிஞ்சிருக்கணும். இது என் ஊகம்தான்.

பதினாறு நாளுக்குப் பிறகு மே 10-ல் சவுத் ஜார்ஜியாவில் இறங்கினாங்க, ஆள் இருக்கிற கரைக்கு எதிர்ப்பக்கத்தில். நடுவில் யாரும் கடக்காத மலை. மூணு பேரை அங்கே விட்டுட்டு ஷாக்கிள்டன், வொர்ஸ்லி, கிரீன் மூணு பேரும் ஷூவில் ஆணி முடுக்கிக்கிட்டு 36 மணி நேரம் நடந்தாங்க. ஓரிடத்தில் மத்த ரெண்டு பேரும் கண்ணயர்ந்துட்டாங்க. மூணு பேரும் தூங்கினால் விழிக்கவே மாட்டோம்னு ஷாக்கிள்டன் மட்டும் விழிச்சிருந்தார். அஞ்சு நிமிஷத்தில் எழுப்பி, அரை மணி நேரம் தூங்கிட்டீங்கன்னு பொய் சொன்னார். நல்லா தூங்கின தெம்போடு அவங்க நடந்தாங்க. மே 20 அன்று ஸ்ட்ரோம்னெஸ் திமிங்கில வேட்டை நிலையத்தின் கதவைத் தட்டினாங்க.

தினமும் பையைச் சுருட்டு

எலிஃபன்ட் தீவில் 22 பேர். அவங்களுக்குத் தலைவர், அந்த பிஸ்கட் வாங்கின ஃபிராங்க் வைல்ட். ரெண்டு படகையும் கவிழ்த்துப் போட்டு, அதுக்குக் கீழே வாழ்க்கை. திருட்டுத்தனமா ஏறின பிளாக்பரோவின் கால் விரல்கள் அழுகிப்போய், அங்கேயே வெச்சு டாக்டர்கள் வெட்டி எடுத்தாங்க. ஹஸ்ஸி பாஞ்சோ வாசிச்சார்.

வைல்ட் தினமும் காலையில் ஒண்ணு பண்ணினார். எல்லோரும் தூங்கும் பையைச் சுருட்டி வைங்க, பாஸ் இன்னிக்கு வரலாம்னு சொல்வார். வாரக்கணக்கில், மாசக்கணக்கில், தினமும். ஷாக்கிள்டன் பக்கத்தில் இல்லாதபோதும் அந்த டீம் ஓடினதுக்கு வைல்ட்தான் காரணம். அவர் பெயர் பிசினஸ் புத்தகங்களில் அவ்வளவா வராதது எனக்கு ஒரு குறைதான்.

அங்கே ஷாக்கிள்டன் ஒரு கப்பல் மாத்தி ஒரு கப்பல் பிடிச்சு மூணு முறை கிளம்பினார். மூணு முறையும் பனி தடுத்தது. நாலாவது, சிலி நாட்டு 'யெல்ச்சோ', கேப்டன் லூயிஸ் பார்டோ. 1916 ஆகஸ்ட் 30. தீவு தெரிஞ்சதும் கரையில் நிற்கிற தலைகளை எண்ணினார். 22. படகு நெருங்கும்போதே எல்லோரும் நலமான்னு கத்திக் கேட்டார்.

'எண்டூரன்ஸ்' டீமின் 28 பேரும் உயிரோடு வீடு திரும்பினாங்க. இந்த வரியோடு கதையை முடிக்கிறவங்கதான் அதிகம். ஆனா இன்னொரு கப்பல் இருந்ததே, ஞாபகம் இருக்கா?

பாஸ் இல்லாத டீம்

ராஸ் கடல் குழுவுக்குப் பணம் சரியா போகலை, தயாரிப்பு போதலை, பனியில் அனுபவமுள்ள ஆளுங்க கொஞ்சம் பேர்தான். 1915 மே மாசம் புயலில் 'அரோரா' நங்கூரம் அறுந்து அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. முக்கால்வாசிப் பொருளும் கப்பலில். கரையில் பத்துப் பேர். போட்டிருந்த துணியே கந்தல். ஆனாலும் ஷாக்கிள்டன் மறு பக்கத்திலிருந்து நடந்து வருவார், சாப்பாடு இல்லைன்னா செத்துடுவார்னு நம்பி, ஸ்கர்வியோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இழுத்துப் போய் மூட்டைகளை வெச்சாங்க. ஸ்பென்சர்-ஸ்மித் வழியிலேயே இறந்தார். குழுத்தலைவர் மெக்கின்டாஷும் ஹேவர்டும் உறைஞ்ச கடல் மேல் நடந்து போய்க் காணாமல் போனாங்க. அந்த மூட்டைகளைச் சாப்பிட யாரும் வரவே இல்லை.

1917 ஜனவரியில் ஷாக்கிள்டன் மீட்புக் கப்பலில் அங்கே போனார். ஏழு பேர்தான் இருந்தாங்க.

இந்த மூணு உயிரையும் சேர்த்துத்தான் அவரை எடை போடணும். கண் முன்னாடி நிற்கிற ஒருத்தரின் நடுக்கத்தைக் கவனிக்கிறதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்த டீமுக்கு பட்ஜெட், ஆள், திட்டம்னு செய்ய வேண்டிய சலிப்பான வேலையை அவர் சரியா செய்யலை. ரெண்டும் ஒரே மனுஷன்தான்.

ஊருக்கு வந்ததும் போலார் மெடல் என்ற விருதுக்குப் பெயர்களை அனுப்பினார். 'எண்டூரன்ஸ்' டீமில் நாலு பேரை விட்டுட்டார். அதில் மெக்நிஷும் ஒருத்தர். எந்தப் படகு அவரைக் கரை சேர்த்ததோ, அந்தப் படகை இழைச்சவர். மெக்நிஷ் 1930-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் வறுமையில் இறந்தார். 2004-ல் அவர் கல்லறை மேல் ஒரு வெண்கலப் பூனை சிலை வெச்சாங்க. மெடலை விட அது அவருக்குப் பிடிச்சிருக்கும்.

ஷாக்கிள்டன் போருக்கு வேலை பார்த்தார், கடனை அடைக்க ஊர் ஊரா பேசினார், குடிச்சார், வீட்டில் ஒட்டலை. 1921-ல் 'குவெஸ்ட்' கப்பலுக்கு ஆள் கூப்பிட்டார். வைல்ட் வந்தார். வொர்ஸ்லி வந்தார். ரெண்டு டாக்டர்களும், சமையல்காரர் கிரீனும் வந்தாங்க. ஹஸ்ஸி பாஞ்சோவோடு வந்தார். சவுத் ஜார்ஜியாவில் நங்கூரம் போட்ட அடுத்த நாள் விடியக் காலை, 1922 ஜனவரி 5 அன்று, மாரடைப்பில் போயிட்டார். வயசு 47. கடன் சுமார் 40,000 பவுண்டு.

உடலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக ஹஸ்ஸி கூடவே கிளம்பினார். உருகுவே வந்ததும் மனைவி எமிலியிடமிருந்து தகவல் வந்தது: சவுத் ஜார்ஜியாவிலேயே அடக்கம் பண்ணுங்க. ஹஸ்ஸி ஏற்பாடு பண்ணி, பெட்டி திரும்ப அந்தத் தீவுக்கே போனது. மார்ச் 5 அன்று கிரிட்விக்கனில், திமிங்கில வேட்டைக்காரர்கள் சூழப் புதைச்சாங்க. சரியா நூறு வருஷம் கழிச்சு, 2022 மார்ச் 5 அன்று, 'எண்டூரன்ஸ்' கப்பலை 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிச்சாங்க. வைல்டின் அஸ்தியை 2011-ல் அவருடைய பாஸின் கல்லறைக்குப் பக்கத்தில் வெச்சாங்க.

அடக்கத்தின்போது 'குவெஸ்ட்' தெற்கே பனியில் இருந்தது. வைல்டும் மத்தவங்களும் கப்பலைத் திருப்பிக்கிட்டு சவுத் ஜார்ஜியா வந்தபோது எல்லாம் முடிஞ்சிருந்தது. சம்பள பாக்கி வராத அந்த ஆளுங்க, துறைமுக வாசலைப் பார்த்த மேட்டில் கல்லைச் சுமந்து அடுக்கி, மேலே ஒரு சிலுவையை நட்டுட்டு, வீட்டுக்குக் கிளம்பினாங்க.